சந்தாவை நிறுத்தப்போகும் வீடு எது?

2022 அக்டோபர் 1 அன்று டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாருக்கு 6 கோடியே 13 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். டிசம்பர் இறுதியில் அது 5 கோடியே 75 லட்சமானது. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் 5 கோடியே 29 லட்சம், ஜூலை தொடக்கத்தில் 4 கோடியே 4 லட்சம், செப்டம்பர் 30 அன்று 3 கோடியே 76 லட்சம். ஓராண்டுக்குள் நிகரமாக 2 கோடியே 37 லட்சம் பேர் குறைந்துபோனார்கள். யார் எந்தத் திரையில் எதை எத்தனை நிமிடம் பார்க்கிறார்கள் என்ற விவரத்தை இந்தியாவிலேயே மிகப் பெரிய அளவில் சேர்த்துவைத்திருந்த நிறுவனங்களில் ஒன்றுக்குத்தான் இது நடந்தது. காரணம் ரகசியமல்ல. 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் ஐபிஎல் போட்டிகளைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை 23,575 கோடி ரூபாய்க்கு ஹாட்ஸ்டாரை நடத்திய ஸ்டார் நிறுவனத்திடமே தங்கியது. இணையத்தில் காட்டும் உரிமையோ, தனித்தனியாக விற்கப்பட்ட இரண்டு தொகுப்புகளாக, சுமார் 23,758 கோடிக்கு வயாகாம் 18 கைக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு வயாகாம் 18-இன் ஜியோசினிமா அதே போட்டிகளை இலவசமாகக் காட்டியது. 2023 மார்ச்சோடு எச்பிஓ தொடர்களும் ஹாட்ஸ்டாரிலிருந்து வெளியேறின. சந்தாவை நிறுத்தப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே கண்டறிந்து அவரைத் தக்கவைக்கும் கணிப்பு முறைகளைப் பற்றி ஓடிடி உலகம் நிறையவே பேசுகிறது. கைபேசி, டிவி, மடிக்கணினி எல்லாவற்றிலும் ஒருவர் பார்ப்பதை ஒன்றாகச் சேர்த்தால் அவர் மனதைப் படித்துவிடலாம் என்பது அந்தப் பேச்சின் உச்சம். இப்படிச் சேர்த்துப் பார்க்கும் முறையால் விலகப்போகிறவரை ஓரளவு நன்றாகவே அடையாளம் காண முடிகிறது. ஆனால் அவர் ஏன் விலகுகிறார் என்பதற்கும் எதைச் செய்தால் இருப்பார் என்பதற்கும் அந்த முறையிடம் பதில் குறைவு. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

கேபிள் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர் மாதாமாதம் வாசலுக்கு வந்து வாடகை வாங்கிய கேபிள்காரர். எந்த வீடு இரண்டு மாதமாகப் பூட்டிக்கிடக்கிறது, எந்த வீட்டில் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு, எந்த வீட்டுக்காரர் துபாய்க்குப் புறப்பட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு எந்த சேனல் ஓடுகிறது என்பது தெரியாது. ஓடிடி நிறுவனத்தின் நிலை இதற்கு நேர் தலைகீழ். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் செயலி குறிப்பிட்ட இடைவெளியில் சர்வருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது: எந்தப் படம், எத்தனையாவது நிமிடம், எந்தக் கருவி, எந்த வகை இணைப்பு, என்ன தரத்தில் ஓடுகிறது, எத்தனை முறை சுற்றிக்கொண்டு நின்றது. பார்த்ததோடு பார்க்காததும் பதிவாகிறது. எந்தப் போஸ்டரைத் தாண்டிப் போனோம், எதைத் தேடினோம், தேடியது கிடைத்ததா, எட்டாவது நிமிடத்தில் எதை மூடிவிட்டு வெளியேறினோம் என்பதும் கணக்கில் ஏறுகிறது. நெட்ஃபிளிக்ஸின் அதிகாரிகளாக இருந்த கார்லோஸ் கோமஸ் உரிபேயும் நீல் ஹன்ட்டும் 2015-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ஒரு விவரம் வருகிறது. என்ன பார்க்கலாம் என்று தேடத் தொடங்கும் சந்தாதாரர் 60 முதல் 90 விநாடிக்குள் ஆர்வம் இழந்துவிடுகிறார். அதற்குள் அவர் கண்ணில் படுவது 10 முதல் 20 தலைப்புகள்தான். ஒன்றரை நிமிடத்துக்குள் பிடித்ததைக் கண்ணில் காட்டாவிட்டால் அவர் வேறு செயலிக்குப் போய்விடுவார். அவர் சேவையையே கைவிடும் ஆபத்து அப்போது வெகுவாகக் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு.

இந்தப் பதிவுகளை ஆளோடு பொருத்துவது அடுத்த வேலை. வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் உள்ளே மிகவும் சிக்கலானது இதுதான். ஒரே கணக்கில் உள்நுழைந்திருந்தால் கைபேசியும் டிவியும் ஒரே வீட்டுக்கு உரியவை என்று உறுதியாகச் சொல்லலாம். அப்படி இல்லாதபோது ஊகம் வேலை செய்கிறது. இரண்டு கருவிகள் இரவு நேரத்தில் தொடர்ந்து ஒரே வைஃபை முகவரியிலிருந்து வந்தால், அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கும் என்று நிகழ்தகவு கொடுப்பார்கள். காரைக்காலை அடுத்த திருநள்ளாறு மாதிரி ஊரில் இந்த ஊகம் எப்படித் தடுமாறும் என்று யோசித்துப் பார்க்கலாம். சனிக்கிழமைதோறும் தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் வருகிறது. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி போன்ற நாட்களில் அது பல மடங்காகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஒரு விடுதியின் வைஃபையில் சேலத்துக் குடும்பமும் பெங்களூர்க் குடும்பமும் சென்னையிலிருந்து வந்த நண்பர்கள் நால்வரும் இருக்கிறார்கள். நளதீர்த்தத்தில் விடியற்காலைக் குளியல் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கும் கணினிக்கு அவர்கள் எல்லோரும் ஒரே முகவரி. ஒரே இரவை வைத்து முடிவு கட்டாமல் பல வாரப் பழக்கத்தைப் பார்க்கும் நல்ல முறை இந்தப் பிழையைக் களைந்துவிடும். ஆனால் விடுதியில் வேலை செய்பவரின் கைபேசியை அது எளிதில் களையாது. அவர் ஆண்டு முழுக்க நூற்றுக்கணக்கான அந்நியர்களோடு ஒரே 'வீட்டில்' பார்ப்பவராகத் தெரிவார். கைபேசி இணைப்பிலோ சிக்கல் வேறு மாதிரி. ஐபிவி4 முகவரிகள் பற்றாக்குறையால் தொலைபேசி நிறுவனங்கள் பெரும் எண்ணிக்கையிலான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அங்கே முகவரியை வைத்து எந்த வீட்டையும் பிரித்தறிய முடியாது.

அதனால்தான் இந்தியாவில் மின்னஞ்சலைவிடக் கைபேசி எண்ணையும் ஓடிபியையும் அடையாளமாக நம்புகிறார்கள். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. நிறுத்தப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு நடைமுறை. 2023 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உச்ச நீதிமன்றத்திலும் இதையே தெரிவித்தது. வளைகுடாவுக்குப் போன பிள்ளை ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் ஒரு நாள் யாரோ ஒருவருடையதாகிறது. கணிப்பு முறையின் பட்டியலில் அது பார்க்கும் பழக்கம் திடீரென மாறிய பழைய சந்தாதாரர். உண்மையில் அங்கே இருப்பது முற்றிலும் வேறு மனிதர்.

ஆளைப் பொருத்திய பிறகு வருவது புள்ளியியல். இதன் வேர் மருத்துவத்திலும் ஆயுள் காப்பீட்டிலும் இருக்கிறது. ஒரு சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் எத்தனை நாள் உயிரோடிருக்கிறார்கள் என்று அளக்கும்போது ஒரு தொல்லை வரும். ஆய்வு முடியும் நாளில் பலர் உயிரோடு இருப்பார்கள். அவர்களுடைய முழு ஆயுள் தெரியாது, ஆனால் இத்தனை நாளாவது வாழ்ந்தார்கள் என்பது தெரியும். அந்தப் பாதித் தகவலையும் வீணாக்காமல் பயன்படுத்தும் வழியை 1958-ல் எட்வர்ட் கப்லானும் பால் மேயரும் கொடுத்தார்கள். வயது, நோயின் கடுமை போன்ற காரணிகள் ஆபத்தை எத்தனை மடங்கு கூட்டுகின்றன என்று கணக்கிடும் முறையை 1972-ல் டேவிட் காக்ஸ் கொடுத்தார். மரணம் இருந்த இடத்தில் சந்தா நிறுத்தத்தை வைத்தால் அதே சூத்திரங்கள் அப்படியே பொருந்துகின்றன. இன்றும் சந்தாவில் இருப்பவர் இன்னும் விலகாதவர், அவ்வளவுதான். அவர் எப்போதும் விலகமாட்டார் என்று அதற்குப் பொருளில்லை. இந்த முறையில் வரைந்த வளைவு சீராக இறங்குவதில்லை. சலுகைக் காலம் முடியும் நாளில் ஒரு சரிவு, மூன்று மாதப் பேக் முடியும்போது ஒன்று, ஆவலோடு பார்த்த தொடரின் கடைசிப் பாகத்துக்குப் பிறகு ஒன்று, கிரிக்கெட் பருவத்தின் இறுதிப்போட்டிக்கு மறுவாரம் பெரிதாக ஒன்று என்று படிப்படியாக இறங்குகிறது. அந்தப் படிகளுக்கு முன்னால் யாருடைய பழக்கத்தில் என்ன மாறியது என்று தேடுவதுதான் விலகல் கணிப்பு.

பல திரைகளின் கணக்கு பயன்படும் இடம் இது. ஒரு வீட்டில் பாட்டி டிவியில் விஜய் டிவி தொடர் பார்க்கிறார், மகன் பேருந்தில் கைபேசியில் கிரிக்கெட் பார்க்கிறான், பேத்தி விடுமுறையில் மடிக்கணினியில் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகனின் கைபேசியை மட்டும் பார்த்தால் ஐபிஎல் முடிந்ததும் அவன் போய்விடுவான் என்று கணிப்பு சொல்லும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வீட்டுக்கு ஆண்டு முழுக்க ஒரு காரணம் இருக்கிறது என்று தெரியும். மாறாக, டிவியில் இரண்டு மாதமாக யாரும் செயலியைத் திறக்கவில்லை, கைபேசியில் மட்டும் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் என்றால், அந்த வீடு மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சிக்கு முன்பே தொடரின் அன்றைய பாகத்தைச் சந்தாதாரருக்குக் காட்டும் ஹாட்ஸ்டாரின் ஏற்பாடும் இப்படி ஒரு திரையின் பழக்கத்தை இன்னொரு திரைக்கு மாற்றும் முயற்சிதான். ஏழு மணித் தொடருக்கு டிவி முன் உட்கார்ந்த பழக்கம் காலையிலேயே கைபேசியைத் திறக்கும் பழக்கமாகிறது.

இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு: இரண்டு மூன்று கருவிகளில் பார்ப்பவர்கள் எளிதில் விலகுவதில்லை, ஆகவே ஒரே கருவியில் பார்ப்பவரை இரண்டாவது கருவிக்குக் கொண்டுவந்தால் அவரும் தங்கிவிடுவார். முதல் பாதி உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. இரண்டாம் பாதி அதிலிருந்து வராது. ஸ்மார்ட் டிவியும் ஃபைபர் இணைப்பும் உள்ள வீட்டில் வருமானம் கொஞ்சம் கூடுதல், ஆட்கள் கூடுதல், ஓய்வு நேரத்தில் பார்க்கும் ஆசையும் கூடுதல். அவர்கள் தங்குவதற்கு இவையே காரணமாக இருக்கலாம். இரண்டாவது திரை வெறும் அடையாளமாக நிற்கலாம். வாடகை அறையில் கைபேசியே உலகமாக வாழும் இளைஞரிடம் 'டிவியிலும் பாருங்கள்' என்று பத்து முறை அறிவிப்பு அனுப்பினால் அவர் அறிவிப்பை அணைப்பார், பிறகு செயலியையே நீக்குவார். நிறுவனங்களின் விலைப்பட்டியலும் இந்த வாதத்தோடு முட்டுகிறது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் 199 ரூபாய்க்குக் கொண்டுவந்து பிறகு 149 ஆகக் குறைத்த திட்டமும், ஹாட்ஸ்டாரின் மலிவான திட்டமும் கைபேசிக்கு மட்டுமானவை. மலிவு வேண்டுமென்றால் டிவியை விட்டுக்கொடு என்று விலையில் எழுதிவிட்டு, டிவியில் பார்ப்பவர் விசுவாசமானவர் என்று கணக்கில் எழுதுகிறார்கள். அந்த விசுவாசத்தில் எத்தனை பங்கு திரைக்கு, எத்தனை பங்கு பணப்பைக்கு என்பதைப் பார்வைப் பதிவு மட்டும் சொல்லாது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஒரு பகுதியினருக்கு மட்டும் டிவி வசதியைக் கூடுதல் கட்டணமின்றித் திறந்துவிட்டு, மற்றவர்களோடு ஒப்பிடும் சோதனைதான் சொல்லும்.

இந்த வேறுபாட்டை அழுத்தமாகக் காட்டியவர் ஆய்வாளர் ஈவா அஸ்கார்சா. 2018-ல் வெளியான அவருடைய ஆய்வின் மையமான கேள்வி மிக நேரானது. விலகும் ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தேடிப்பிடித்துச் சலுகை கொடுப்பது எல்லா நிறுவனங்களின் வழக்கம், ஆனால் சலுகையால் மனம் மாறுகிறவர்கள் அவர்கள்தானா? இரண்டு நிறுவனங்களில் நடந்த களச்சோதனைகளை வைத்து அவர் காட்டியது, இரண்டு கூட்டமும் ஒன்றல்ல என்பது. மிகுந்த ஆபத்தில் இருப்பவர் பலநேரம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். சலுகை அவருக்குப் பொருட்டில்லை. ஆபத்து நடுத்தரமாக இருக்கும் ஒருவர் சின்ன முன்னேற்றத்துக்கே தங்கிவிடக்கூடும். இன்னும் சிலர் விஷயத்தில் தொடர்புகொள்வதே தீங்காகிறது. அஸ்கார்சாவும் இரண்டு ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட இன்னொரு களச்சோதனையில் ஒரு கைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம், உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் இருக்கிறது என்று தானே முன்வந்து சொன்னது. சொல்லப்படாத கூட்டத்தில் 6 சதவீதம் பேர் விலகினார்கள். சொல்லப்பட்ட கூட்டத்தில் 10 சதவீதம். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் கட்டணத்தைப் பற்றி யோசிக்காமல் இருந்தவர்களை அது யோசிக்க வைத்துவிட்டது. இந்த முடிவை முதன்முதலில் படிப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். விலகல் கணிப்பைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் படிக்க வேண்டியதும் இதுதான். ஆளைக் கண்டுபிடிப்பதில் எவ்வளவு துல்லியம் கூடினாலும், தவறான செயலைத் துல்லியமாகச் செய்தால் இழப்புதான் கூடும்.

ஏன் விலகுகிறார் என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் பதிவுக்கு வெளியே இருப்பதை உணர காரைக்கால் கடற்கரையைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. கிழக்குக் கடலில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி ஊர்களின் விசைப்படகுகள் அந்த நாட்களில் கரையில் நிற்கும். ஐபிஎல் பருவத்தின் பெரும்பகுதி அதே நாட்களில்தான் விழுகிறது. கடலுக்குப் போகாத ஆட்களுக்குப் பொழுது இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது, பார்க்கும் நேரம் ஏறுகிறது. அதே நாட்களில் கையில் காசு குறைகிறது. பார்க்கும் நேரம் ஏறினால் விலகும் ஆபத்து இறங்கும் என்று கற்றுக்கொண்ட கணிப்பு முறை, மே மாதத்தில் இந்த வீடுகளைப் பார்த்து நிம்மதி கொள்ளும். ஜூனில் பேக் முடியும்போது அவை புதுப்பிக்காமல் போனால் அதற்கு விளக்கம் எந்தத் திரையின் கணக்கிலும் இராது. திருநள்ளாற்றைச் சுற்றிய நெல்வயல்களின் வீடுகளிலும் பணம் சம்பா அறுவடையின் கணக்கில் வருகிறது. மாதச் சம்பளக்காரரின் நாட்காட்டிக்கேற்பத் தயாரான மாதச் சந்தா அங்கே இயல்பாகப் பொருந்துவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது காவிரி டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்களில் அங்கிருந்த கருவிகள் எல்லாம் பதிவில் பூஜ்யமாகத்தான் விழுந்திருக்கும். மின்சாரம் இல்லாததால் வந்த பூஜ்யத்தையும் ஆர்வம் போனதால் வந்த பூஜ்யத்தையும் ஒரே எண்ணாக எழுதும் அட்டவணை, புயலில் ஓடு பறந்த வீட்டுக்கு 'உங்களை மிஸ் செய்கிறோம்' என்று குறுஞ்செய்தி அனுப்ப வைக்கக்கூடியது.

ஊரின் இந்த முகம் மேலே போகப் போக இன்னும் மங்குகிறது. தொலைபேசி வட்டக் கணக்கில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்குள் அடக்கம். தொலைக்காட்சிப் பார்வையாளர்களை அளக்கும் பார்க் அமைப்பும் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டையும் ஒரே சந்தையாகவே எண்ணுகிறது. விளம்பரம் விற்க அது போதும். ஒரு குறிப்பிட்ட வீடு ஏன் விலகுகிறது என்று அறிய அது போதாது. பிரான்சிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் காரைக்கால் வட்டாரத்தில் ஏராளம். ஒரே குடும்பம் இரண்டு நாட்டில் ஒரே கணக்கைப் பயன்படுத்துவது அங்கே சாதாரணம். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் கடவுச்சொல் பகிர்வைத் தடுக்கத் தொடங்கியது. இணைய முகவரியையும் கருவி அடையாளத்தையும் கணக்கின் செயல்பாட்டையும் வைத்து ஒரே வீடா இல்லையா என்று அது முடிவு செய்கிறது. அந்தக் கணக்குப்படி பாரீசில் இருக்கும் மகனும் திருநள்ளாற்றில் இருக்கும் தாயும் வேறு வேறு வீடு. மின்சாரக் கணக்கின்படி அது சரி. சந்தாவுக்குப் பணம் கட்டுவது மகன், பார்ப்பது தாய் என்றால், கணக்கு துண்டிக்கப்படும்போது இரண்டு சந்தா வரும் என்ற எதிர்பார்ப்பு பொய்யாகி ஒன்றும் இல்லாமல் போகவும் கூடும்.

பார்வைப் பதிவால் பயன் குறைவு என்ற இந்தப் பார்வைக்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மேலே சொன்ன அதே 2015 கட்டுரையில், தனிநபர் பரிந்துரைகளும் அதைச் சார்ந்த ஏற்பாடுகளும் விலகலைக் குறைத்து ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் மிச்சப்படுத்துகின்றன என்று நெட்ஃபிளிக்ஸ் மதிப்பிட்டிருக்கிறது. பார்க்கப்படும் மணிகளில் 80 சதவீதம் பரிந்துரைகளின் வழியே வருகிறது என்றும் அதில் இருக்கிறது. இது அந்த நிறுவனத்தின் ஆட்களே எழுதிய மதிப்பீடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், அந்நிறுவனம் எந்த மாற்றத்தையும் சந்தாதாரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த பிறகே நிலைநிறுத்தும் வழக்கம் உடையது என்பதால் எளிதில் ஒதுக்க முடியாது. அப்படியானால் பார்வைப் பதிவு உதவுகிறதே? உதவுகிறது. எங்கே உதவுகிறது என்பதைக் கவனித்தால் வாதம் தெளிவாகும். விலகப்போகிறவரைப் பிடித்து இழுப்பதில் அந்த லாபம் வரவில்லை. எல்லோருக்கும் ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கத் தகுந்த ஒன்றைக் காட்டுவதில் வந்தது. 2016-ல் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 'தொடர்ந்து பார்க்க' வரிசையை எப்படி அடுக்குகிறார்கள் என்று விளக்கினார்கள். நேரம், கருவி இரண்டையும் அது கணக்கில் எடுக்கிறது. ஒருவர் காலையில் கைபேசியில் பார்ப்பது வேறு, இரவில் டிவியில் பார்ப்பது வேறு என்பதால், பாதியில் விட்ட படங்களில் எதை முன்னால் வைப்பது என்பதும் அதற்கேற்ப மாறுகிறது. பேருந்தில் கைபேசியில் நின்ற இடத்திலிருந்து வீட்டு டிவியில் படம் தொடர்வதற்குத் தேவையானது மிகச் சிறிய தகவல்: கணக்கின் பெயர், படத்தின் எண், நின்ற விநாடி. பல திரைகளின் கணக்கிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன் இந்தச் சிறிய தகவலிலிருந்து வந்தது. அந்நியர்களின் வைஃபை முகவரிகளை ஒட்டவைத்துக் குடும்பத்தை ஊகிக்கும் வேலை இதற்குத் தேவையே இல்லை.

ஹாட்ஸ்டார் உதாரணத்தையே எதிர்த்துக் கேட்கலாம். ஐபிஎல் உரிமை போனது ஒரு நிலநடுக்கம். அதை வைத்து அன்றாட விலகலைக் கணிக்கும் முறையை எடைபோடுவது நியாயமா? நியாயமான கேள்வி. நெட்ஃபிளிக்ஸ் போன்ற இடத்தில் மாத விலகல் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் சீராக இருக்கும். அங்கே சிறு முன்னேற்றங்கள் சேர்ந்து பெரிய தொகையாகும். இந்தியச் சந்தையிலோ பெரும் விலகல்கள் சில பெரிய நிகழ்வுகளோடு கட்டுண்டவை. சந்தாவுக்கு இங்கே கிடைக்கும் பணமும் வேறு. ஹாட்ஸ்டாரின் ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதத்துக்கு வந்த சராசரி வருமானம் அந்தக் காலத்தில் ஒரு டாலருக்கும் குறைவு. அத்தனை சிறிய தொகையில் ஒவ்வொருவருக்கும் தனிச் சலுகை கணக்கிட்டுக் கொடுத்துத் தக்கவைப்பது கட்டுப்படியாகாது. ஆகவே இங்கே நிலநடுக்கத்தை விதிவிலக்காக ஒதுக்கிவிட்டு அன்றாட அசைவை மட்டும் பேசுவது, நடந்ததன் பெரும்பகுதியைப் பேசாமல் விடுவதாகும்.

இன்னொரு வகைத் தக்கவைப்பும் இருக்கிறது. அதைப் பற்றி நிறுவனங்கள் பேசுவதில்லை. லிரான் ஐனாவ், பென் க்ளோபாக், நீல் மஹோனி ஆகிய பொருளியலாளர்கள் அமெரிக்காவில் கார்டு மூலம் தானாகப் பணம் போகும் பத்து பிரபல சந்தாச் சேவைகளை ஆராய்ந்தார்கள். கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வரும்போது சந்தாதாரர் மறுபடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சரியாக அந்த மாதத்தில் விலகல் ஏறுகிறது. அதாவது அதுவரை பலர் விரும்பி இருக்கவில்லை, கவனிக்காமல் இருந்தார்கள். இந்தக் கவனமின்மை சேவைகளின் வருமானத்தைச் சேவைக்குச் சேவை 14 சதவீதம் முதல் 200 சதவீதத்துக்கு மேல் வரை கூட்டுகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. இந்தியாவில் 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இதில் குறுக்கே நிற்கிறது. தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் வரும் அந்தக் குறுஞ்செய்தி, அமெரிக்காவில் புதுக் கார்டு வரும்போது மட்டும் நடப்பதை இங்கே மாதந்தோறும் நடத்துகிறது. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்கள், சந்தாவை நிறுத்தும் வழியைச் சுற்றிவளைத்து மறைப்பதையும் தடுக்கின்றன. தொழிலுக்கு இது தடை என்று சொல்பவர்கள் உண்டு. அறிவியல் பார்வையில் இது ஓர் உதவி. கவனிக்காமல் தங்கியவரையும் விரும்பித் தங்கியவரையும் ஒரே கூட்டமாக எண்ணும் கணிப்பு எதைக் கற்றுக்கொள்ளும்? பார்க்காமலே பணம் கட்டுவது விசுவாசத்தின் அடையாளம் என்று கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்டவரை எழுப்பாமல் இருப்பதே நல்லது என்றும் கற்றுக்கொள்ளும். 2016-ல் வெளியான கைபேசி நிறுவனச் சோதனையின் 10 சதவீதத்தை ஒருவர் அந்தப் பாடமாகவும் படிக்க முடியும். அப்படிப் படிக்கும் நிறுவனம் தன் சேவை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அறியும் கடைசி வழியையும் அடைத்துக்கொள்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் தயக்கத்துக்கே இடமில்லை. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மேலே சொன்ன வீட்டில் பேத்தியின் கார்ட்டூன் மணிகள்தான் அந்தக் குடும்பத்தைத் தக்கவைக்கும் மிக உறுதியான காரணமாகக் கணக்கில் தெரியக்கூடும். ஆனாலும் அந்தக் கணக்கை அவள் பெயரில் எழுதக் கூடாது. வீடு முழுவதற்குமான ஒரே கணக்கில் யார் குழந்தை என்று பிரிக்க முடியாதபோது, நிறுவனம் செய்யக்கூடிய நேர்மையான செயல் குறைவாகச் சேர்ப்பது.

விலகலையே தோல்வியாக எண்ணும் பார்வையும் மாறிவருகிறது. 2025 பிப்ரவரி 14 அன்று ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது, கைபேசித் திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்று வந்தது. ஐபிஎல் நடப்பது ஏறக்குறைய இரண்டு மாதம். அந்தப் பருவத்தில் குறிப்பிட்ட ஜியோ ரீசார்ஜோடு 90 நாள் சந்தாவைச் சேர்த்தே கொடுத்தார்கள். ரீசார்ஜ் செய்தவர் சந்தாவில் சேர வேண்டும் என்று தனியாக முடிவெடுக்கவில்லை, 90 நாள் முடிந்து போகும்போது விலகவும் முடிவெடுக்கவில்லை. அவரை விலகியவர் பட்டியலில் எழுதினால் அந்தப் பட்டியலுக்கே பொருள் குறைகிறது. அமெரிக்காவில் சந்தாதாரர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இரண்டாண்டுக்குள் மூன்று முறையாவது ஏதாவது ஒரு சேவையை நிறுத்தியவர்கள் என்று ஆன்டெனா என்ற ஆய்வு நிறுவனம் 2024-ல் கணக்கிட்டது. நிறுத்தியவர்களில் கணிசமானோர் சில மாதங்களில் திரும்பியும் வருகிறார்கள். இப்படி இருக்கும்போது அளக்க வேண்டியது ஒருவர் எத்தனை மாதம் இடைவிடாமல் இருந்தார் என்பதைவிட, மூன்று ஆண்டில் மொத்தம் எத்தனை மாதம் இருந்தார், போனவர் எத்தனை நாளில் திரும்பினார் என்பதை. கப்லான், மேயர் சூத்திரம் மரணத்தை ஒருமுறை நிகழ்வாக எடுத்துக்கொண்டது. திரும்பத் திரும்ப நிகழும் சம்பவங்களுக்கு மருத்துவப் புள்ளியியலிலேயே வேறு முறைகள் உண்டு, மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் வரும் நோயாளிகளுக்காக உருவானவை. தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய் ஜூலையில் காசு வந்ததும் திரும்பி வரும் கிளிஞ்சல்மேட்டு வீட்டை, அந்த முறை நல்ல சந்தாதாரராக எண்ணும். அந்த வீடு திரும்பி வரும் நாளில் பாட்டியின் தொடர் நின்ற பாகத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றால், ஏப்ரலில் அவர் எந்தத் திரையில் எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினார் என்பதை மட்டும் நிறுவனம் அதுவரை பத்திரமாக வைத்திருந்தால் போதும்.